நட்சத்திரம் இல்லாமல் வந்தவர்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கணிப்பு எங்கே பிசகுகிறது?

என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகில் ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2018இல் அதில் முதல் பெயர் பேக்கர் மேஃபீல்ட். இரண்டு பல்கலைக்கழக அணிகளில் உதவித்தொகை இல்லாமலே நுழைந்தவர். 2020இல் முதல் பெயர் ஜோ பர்ரோ. ஓஹையோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டு பெரும்பாலும் பெஞ்சில் இருந்துவிட்டு வேறு பல்கலைக்கழகம் தேடிப் போனவர். 2025இல் முதல் பெயர் கேம் வார்டு. பள்ளியை முடித்தபோது மதிப்பீட்டுத் தளங்கள் அவருக்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை.

இத்தனை கேமரா, இத்தனை பயிற்சியாளர்கள், இதையே தொழிலாகக் கொண்ட இத்தனை நிபுணர்கள் இருந்தும் இவர்களை எப்படிக் கோட்டை விட்டார்கள்? அதிர்ஷ்டம், விடாமுயற்சி என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் 'எதிர்பார்ப்பு' என்பது யாரோ ஒருவர், ஒரு குறிப்பிட்ட நாளில் போட்ட ஒரு எண். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால், அது எங்கே தவறும் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

(இங்கே கால்பந்து என்பது தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம்.)

எண் எப்படி வருகிறது

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இஎஸ்பிஎன் போன்றவை பள்ளி மாணவர்களை மதிப்பிடுகின்றன. 247ஸ்போர்ட்ஸ் முறையில் 98 புள்ளிக்கு மேல் என்றால் ஐந்து நட்சத்திரம், 90 முதல் 97 வரை நான்கு, 80 முதல் 89 வரை மூன்று, அதற்குக் கீழே இரண்டு. ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்குத்தான் கிடைக்கும். இந்த 32 எங்கிருந்து வந்தது? என்எஃப்எல் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 இடங்கள். அதாவது ஐந்து நட்சத்திரம் என்றாலே, 'இந்தப் பையன் மூன்று நான்கு ஆண்டு கழித்து முதல் சுற்றில் போவான்' என்ற கணிப்பு. இந்த நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. கல்லூரியில் நன்றாக ஆடுவான் என்பது ஒரு கணிப்பு, என்எஃப்எல்லுக்குத் தகுதியான உடம்பு இவனுக்கு இருக்கிறது என்பது வேறொரு கணிப்பு. நட்சத்திரம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

மதிப்பீட்டாளர் பார்ப்பவை: ஆட்ட வீடியோ, உயரம், எடை, கை நீளம், 40 யார்டு ஓட்ட நேரம், கோடை முகாம்களில் நேரில் ஆடிக் காட்டியது. இவற்றோடு வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தர முன்வந்தது என்பதும் மதிப்பீட்டை நகர்த்தும். அலபாமா போன்ற பெரிய பல்கலைக்கழக அணி ஒரு பையனைக் கேட்டுவிட்டால், அவனை இன்னொரு முறை பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் கைதட்டிக் கூப்பிட்ட மாதிரிதான். யாரும் கேட்காத பையனை இரண்டாவது முறை பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. முதல் தவறு இப்படித்தான் கெட்டிப்படுகிறது.

எல்லாம் நடப்பது 16, 17 வயதில். டிசம்பரில் கையெழுத்துக் காலம் வந்த 2017க்குப் பிறகு முடிவுகள் இன்னும் முன்னால் நகர்ந்துவிட்டன. பள்ளியின் கடைசிப் பருவத்தில்தான் மலர்கிற பையனுக்கு அதற்குள் இடங்கள் தீர்ந்திருக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

உதவித்தொகை வரம்பு: பல்லாண்டுகளாக உயர்மட்ட அணி ஒன்றுக்கு 85 முழு உதவித்தொகை. 2025இல் இது மாறியது, கீழே வருகிறது.

வாக்-ஆன்: உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேர்பவர். நன்றாக ஆடினால் பின்னர் உதவித்தொகை கிடைக்கலாம். வாக்-ஆனாகத் தொடங்கியவர்களில் சிறந்தவருக்கு 2010 முதல் பர்ல்ஸ்வொர்த் விருது தரப்படுகிறது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் வாக்-ஆனாகச் சேர்ந்து, 1998இல் நாட்டின் சிறந்த கார்டுகளில் (தாக்கும் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர்) ஒருவராகி, 1999 டிராஃப்ட்டின் மூன்றாம் சுற்றில் தேர்வாகி, பதினொரே நாளில் கார் விபத்தில் இறந்த பிராண்டன் பர்ல்ஸ்வொர்த்தின் பெயர் அது.

ரெட்ஷர்ட்: ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது நெடுங்கால விதி. ஒரு பருவம் உட்காரவைத்து உடம்பை ஏற்றுவதற்கு அந்த ஐந்தாவது ஆண்டு பயன்படும். 2018 முதல், நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்தப் பருவம் ரெட்ஷர்ட்டாகவே கணக்காகும்.

ஸ்கவுட் அணி: வரப்போகும் எதிரணியைப் போல நடித்து, முதல்நிலை வீரர்களுக்குப் பயிற்சி தரும் கூட்டம். வாக்-ஆன்களின் வாசஸ்தலம்.

கணிப்பு தவறும் ஐந்து இடங்கள்

1. உடம்பு பின்னால் வளர்கிறது

ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊர்க்காரர். பள்ளியை முடிக்கும்போது 6 அடி 3 அங்குலம், 180 பவுண்டு என்ற ஒல்லி உடம்பு. எந்த உயர்மட்டப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. அருகிலிருந்த ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடினார். பிறகு நாடெங்கும் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பித் தள்ளினார். கடைசியில் வயோமிங் எடுத்துக்கொண்டது. 2018 டிராஃப்ட்டில் ஏழாவது இடம். அப்போது உயரம் 6 அடி 5 அங்குலம், எடை 230 பவுண்டுக்கு மேல். மதிப்பீட்டாளர்கள் 2014இல் பார்த்தது இந்த உடம்பையே அல்ல.

2. தப்பான இடத்தில் ஆடவைத்துப் பார்க்கிறார்கள்

ஜே.ஜே. வாட் விஸ்கான்சின் மாநிலப் பள்ளியொன்றில் இரண்டு நட்சத்திர டைட் எண்ட். டைட் எண்ட் என்றால் பாதி நேரம் பந்தைப் பிடிப்பவர், மீதி நேரம் தடுப்பவர். சென்ட்ரல் மிஷிகனில் உதவித்தொகையோடு 2007இல் ஆடியவர், அதை விட்டுவிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வாக்-ஆனாக வந்தார். இடம்மாறியவர் ஓராண்டு உட்கார வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த 2008ஆம் ஆண்டு முழுவதும் ஸ்கவுட் அணியில் தடுப்பாட்டக்காரராக முதல்நிலை வீரர்களோடு மோதினார். 2010இல் 7 சாக், அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பந்தோடு வீழ்த்தியது ஏழு முறை. 2011இல் 290 பவுண்டு உடம்போடு டிராஃப்ட்டில் 11ஆம் இடம். பிறகு என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை. அந்த இரண்டு நட்சத்திரம் ஒரு டைட் எண்டுக்குப் போட்டது. டைட் எண்டாக அது சரியாகவேகூட இருந்திருக்கலாம்.

கலீல் மேக் கதையும் இதற்குப் பக்கத்துவீடு. கூடைப்பந்தில் நாட்டம் கொண்டிருந்தவர், முழங்கால் காயத்துக்குப் பிறகு தாமதமாகத்தான் கால்பந்துக்கு வந்தார். பார்க்க வீடியோவே அதிகம் இல்லை. பஃபலோ பல்கலைக்கழகத்தில் 16 முறை எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு தேசியச் சாதனை படைத்தார். 2014இல் ஐந்தாம் இடம்.

3. பள்ளி ஆடும் முறை திறமையை மூடிவைக்கிறது

கேம் வார்டின் டெக்சாஸ் பள்ளி ஆடியது விங்-டி முறை. பந்தைக் கையில் கொடுத்து ஓடவைப்பதே அதன் உயிர், எறிவது எப்போதாவது. எறியாத குவார்ட்டர்பேக்கை எறிதலுக்காக மதிப்பிட முடியாது. இன்கார்னேட் வேர்ட் என்ற சான் அன்டோனியோவின் சிறிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எரிக் மோரிஸ் ஒரு முகாமில் அவர் எறிவதை நேரில் பார்த்து உதவித்தொகை தந்தார். வேறு எவரும் தரவில்லை.

4. அளவுகோலுக்குக் குட்டையாக இருக்கிறார்கள்

ஆரன் டொனால்ட் தடுப்பு வரிசையின் நடுவில் ஆட 6 அடி உயரம் போதாது என்று கருதப்பட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013இல் 28.5 முறை எதிராளியை, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தினார். அந்த ஆண்டு தடுப்பாட்டக்காரருக்கான பெரிய விருதுகள் நான்கையும் அவரே அள்ளினார். நடுவில் நின்று மோதும் இடத்தில் யார் தாழ்ந்து மோதுகிறாரோ அவருக்கே நெம்புவிசை. குட்டை என்று குறைத்த அதே அளவு அங்கே உதவியது. விஸ்கான்சினின் ஜிம் லியனார்ட் வாக்-ஆனாக வந்து 21 பந்துகளை இடைமறித்துப் பல்கலைக்கழகச் சாதனையைச் சமன்செய்தார்.

5. அணியே மாறிவிடுகிறது

இதுதான் முகாம்களிலோ வீடியோவிலோ எந்தக் காலத்திலும் தெரியாத காரணம். ஜோ பர்ரோவைப் பாருங்கள். அவர் பள்ளியில் நான்கு நட்சத்திரம். யாரும் தவறவிட்டவர் அல்லர். லூசியானா ஸ்டேட்டில் முதல் பருவமான 2018இல் எறிந்ததில் 57.8 சதவீதம் போய்ச் சேர்ந்தது, 16 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்குப் பந்தைக் கொண்டுசேர்ப்பது). சராசரி. 2019இல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்தார். ஐந்து பேரையும் பந்து பிடிக்க வெளியே பரப்பிவிட்டு, குவார்ட்டர்பேக்கைத் தனியாக நிறுத்தி, தடுப்பு எப்படி நிற்கிறது என்பதைப் படித்துச் சட்டென்று எறியவிடும் முறை. பர்ரோவின் பலம் அந்தப் படிப்புதான். விளைவு: 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச்டவுன், 15 வெற்றி, தோல்வி இல்லை. எறிந்ததைப் பிடித்தவர்கள் ஜமார் சேஸ், 111 பந்து பிடித்த ஜஸ்டின் ஜெஃபர்சன். ஆள் அதே ஆள். ஓராண்டில் கை வலுவாகிவிடவில்லை.

ஒரு ஆட்டத்தின் கடைசி ஆறு நொடி

2017 ஜனவரி 9. தேசிய இறுதி. அலபாமா 31, கிளெம்சன் 28. டச்டவுன் கோட்டுக்கு இரண்டு யார்டு. மீதம் ஆறு நொடி.

கிளெம்சன் வலப்பக்கம் இரண்டு பேரை அருகருகே நிறுத்துகிறது. உள்ளே ஓடும் ஆர்டேவிஸ் ஸ்காட் ஒரு தடுப்பாளரின் வழியில் போய் நெருக்கடி உண்டாக்குகிறார். அந்த நெருக்கடிக்குப் பின்னால் ஹன்டர் ரென்ஃப்ரோ வெளிப்பக்கமாக நழுவுகிறார். அவரைக் காக்க வேண்டியவர் ஒரு கணம் சிக்கிக்கொள்கிறார். குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன் எறிய, ரென்ஃப்ரோ பிடிக்க, கடிகாரத்தில் ஒரு நொடி. முடிவு 35-31.

ரென்ஃப்ரோ வாக்-ஆனாக வந்தவர். பள்ளியில் ஆடியது குவார்ட்டர்பேக். பந்து பிடிப்பவராக வீடியோ கிடையாது. 2014இல் ரெட்ஷர்ட்டாக உட்கார்ந்தார். அவர் ஆடியது ஸ்லாட் இடம், அதாவது ஓரத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவில். அங்கே 40 யார்டை எவ்வளவு நேரத்தில் ஓடுகிறார் என்பது பெரிய விஷயமே இல்லை. ஐந்தாவது யார்டில் காலை ஊன்றித் திரும்பும்போது தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்க்கத் தெரிய வேண்டும். குவார்ட்டர்பேக்காக இருந்தவருக்கு அந்தப் பார்வை இருக்கும். முகாமில் நிறுத்துகடிகாரம் வைத்திருப்பவர் இதை அளக்கவே முடியாது. அன்றிரவு அவர் பிடித்தவை 10, யார்டு 92, டச்டவுன் இரண்டு.

யாருடைய எதிர்பார்ப்பை மிஞ்சினார்?

ஒரு வீரரைப் 'பள்ளியின் எதிர்பார்ப்பை மிஞ்சியவர்' என்று சொல்லுமுன் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது.

முதலாவது, எந்த நாளின் எதிர்பார்ப்பு? பர்ரோ பள்ளி மதிப்பீட்டை அவ்வளவாக மிஞ்சவில்லை. 2018 தந்த எதிர்பார்ப்பை உடைத்தெறிந்தார்.

இரண்டாவது, வயது. கென்னி பிக்கெட் பிட்ஸ்பர்க்கில் 2020இல் 13 டச்டவுன் எறிந்தார், 2021இல் 42. கோவிட் காரணமாக எல்லோருக்கும் கிடைத்த கூடுதல் ஆண்டில் வந்தது அது. அப்போது வயது 23. எதிரில் நின்ற பலர் 19, 20. இதனால் சாதனை பொய்யாகிவிடாது, ஆனால் தள்ளுபடி கொடுத்துத்தான் படிக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தில் யார் நின்றார்கள்? ஸ்டெட்சன் பென்னட் ஜார்ஜியாவில் 2017இல் வாக்-ஆன். அந்தப் பருவத்தின் ரோஸ் பௌல் ஆட்டத்துக்கு முன் ஸ்கவுட் அணியில் அவர் நடித்தது யாராக? ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்டாக! பிறகு மிசிசிப்பியில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரி, மீண்டும் ஜார்ஜியா, ஜே.டி. டேனியல்ஸ் காயத்தால் கிடைத்த வாய்ப்பு. 2022 ஜனவரியில் அலபாமாவை 33-18, 2023 ஜனவரியில் டிசியூ என்ற டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 65-7. இரண்டு தேசியப் பட்டம். ஆனால் அவரைச் சுற்றி நின்றது நாட்டின் மிகச் செழிப்பான நட்சத்திரக் கூட்டம். கலீல் மேக் பஃபலோவில் அப்படி எந்தத் துணையும் இல்லாமல் செய்ததை நான் கடினமானதாக மதிப்பேன். பென்னட் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

நான்காவது, எந்த மேடை? கெலன் மோர் பாய்சி ஸ்டேட்டில் தொடக்க குவார்ட்டர்பேக்காக 50 வெற்றி, 3 தோல்வி. 14,667 யார்டு. டிராஃப்ட்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. கல்லூரியின் எதிர்பார்ப்பை அவரைவிட மிஞ்சியவர் அரிது. என்எஃப்எல் கணக்கில் மட்டும் பார்ப்பவர் பட்டியலில் அவர் பெயரே வராது.

அப்படியானால் நட்சத்திரம் வெறும் ஏமாற்றா?

இல்லை. மூன்று நட்சத்திரக்காரர்கள் பலர் முதல் சுற்றில் போவதைக் காட்டி 'மதிப்பீடு குப்பை' என்பவர்கள், மொத்தம் எத்தனை பேரில் அத்தனை பேர் என்பதை மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம்: ஐந்து நட்சத்திரம் 32 பேரில் 18 பேர் டிராஃப்ட்டில் போகிறார்கள். மூன்று நட்சத்திரம் 1,500 பேரில் 90 பேர் போகிறார்கள். எண்ணிக்கையில் மூன்று நட்சத்திரம் ஐந்து மடங்கு. வாய்ப்பில் 56 சதவீதத்துக்கு எதிராக 6 சதவீதம். அந்த 90 பேரின் கதைதான் தொலைக்காட்சியில் வரும். மீதி 1,410 பேரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. மொத்தக் கூட்டத்துக்கு மதிப்பீடு நன்றாகவே வேலை செய்கிறது. தனி ஆளுக்கு வரும்போதுதான், அதுவும் மேலே சொன்ன ஐந்து இடங்களில், சறுக்குகிறது.

விதிகள் மாறியதால் என்ன ஆகிறது

மிஞ்சுவதற்குத் திறமையோடு விதியும் இடம் கொடுக்க வேண்டும். மேஃபீல்டே சாட்சி. டெக்சாஸ் டெக்கில் 2013இல் வாக்-ஆனாக ஆடிவிட்டு, அதே பிக் 12 கூட்டமைப்பிலிருந்த ஓக்லஹோமாவுக்கு மாறியதால் 2014 முழுவதும் உட்கார்ந்தார். ஒரு பருவத் தகுதியையும் இழந்தார். அந்தக் கணக்கில் 2016உடன் அவர் கதை முடிந்திருக்கும். 2016 ஜூனில் பிக் 12 வாக்கெடுப்பு நடத்தியது. முதலில் தோற்றது. மறுநாள், முந்தைய பல்கலைக்கழகம் எழுத்தில் உதவித்தொகை தராத வாக்-ஆன்களுக்கு மட்டும் என்று திருத்தி நிறைவேற்றியது. அந்தத் திருத்தம் தந்த 2017 பருவத்தில்தான் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது.

இடம்மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. 2021இல் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்றானது, 2024இல் எத்தனை முறையும் என்றானது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதே உடன்பாட்டில் 85 உதவித்தொகை வரம்பு போய், அணிக்கு மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது.

இந்த 105தான் வாக்-ஆன்களின் கழுத்தில் கத்தி. முன்பு 85 உதவித்தொகைக்கு மேல் முப்பது நாற்பது வாக்-ஆன்களை வைத்து 120 பேருக்கு மேல் சேர்த்த அணிகள் உண்டு. விஸ்கான்சினும் நெப்ராஸ்காவும் அந்த உபரி இடங்களில்தான் உள்ளூர்ப் பையன்களை வளர்த்தன. இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் விலை உண்டு. 17 வயது ஒல்லிப் பையனுக்கு மூன்றாண்டு தருவதா, போர்ட்டலில் ஏற்கெனவே 22 வயது ஆனவரை எடுப்பதா என்று கேட்டால் பயிற்சியாளர் இரண்டாமவரைத்தான் எடுப்பார். அவர் வேலையும் வெற்றியில்தானே தொங்குகிறது.

சிறிய பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு சிக்கல். வளர்த்தவர் வீட்டில் அறுவடை இல்லை. கேம் வார்டு இன்கார்னேட் வேர்டில் இரண்டு பருவம் ஆடினார். 2022இல் மோரிஸ் வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போக, கூடவே போய் அங்கே இரண்டு பருவம். கடைசியாக 2024இல் மயாமியில் ஒரு பருவம்: 4,313 யார்டு, 39 டச்டவுன், ஹைஸ்மன் வாக்கெடுப்பில் நான்காம் இடம். டிராஃப்ட் மேடையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது மயாமி. மயாமி அவரிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான், அதற்காகத்தான் கூட்டிவந்தது. எதிர்பார்ப்பை மிஞ்சியது சான் அன்டோனியோவில்.